ஞாயிற்றுக்கிழமை தைக்காத என் அக்காவுக்கு

என் ஜெயசீலி அக்கா,

நீ போய் ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிவிட்டன. கல்லறைத் தோட்டத்தில் நின்று உன்னோடு கொஞ்சம் பேசலாம் என்று போவேன். பக்கத்துக் கல்லறைக்குப் பூ வைக்க யாராவது வந்து நிற்பார்கள். வாய் வராமல் திரும்பிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். நம் சபைப் பத்திரிகையில் இதைப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாலு பேர் படிப்பார்கள். படிக்கட்டும். இதில் எனக்கு வெட்கமான இடங்களும் உண்டு, அதையும் சேர்த்தே படிக்கட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. என் மகள், உன் செல்லம் ஷைனி, பி.எட். முடித்துவிட்டாள். பாளையங்கோட்டையிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறாள். சேலை கட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் போகிறாள். மடிப்பு எடுக்கும்போதெல்லாம், "பெரியம்மா இருந்தா ரெண்டு நிமிசத்துல எடுத்து விட்டிருப்பாவ" என்கிறாள். நான் எடுத்துவிட்டால் அவளுக்குப் பிடிப்பதில்லை.

உன்னை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் பழையதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்யாணமாகி ஆறாவது வருஷம் அத்தான் இறந்தபோது உன்னிடம் இருந்தது ஒரு தையல் மிஷின்தான். பிள்ளை குட்டி இல்லை. சமாதானபுரத்து வீட்டின் முன்னறையில் அந்த மிஷினைப் போட்டு உட்கார்ந்தாய். மூன்று வருஷத்தில் நானும் உன்னோடு சேர்ந்தேன். அடுத்த ஐந்து வருஷத்தில் ஆறு பெண்கள் நம்மிடம் வேலை பார்த்தார்கள். பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்தோம். நீ வெட்டுவாய், அவர்கள் தைப்பார்கள், நான் வெளியே அலைந்து ஆர்டர் பிடிப்பேன்.

உன்னைப் பக்தியான பெண் என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்கிறவர்கள் உன்னை ஒரு முக்காடு போட்ட படமாக ஆக்கிவிடுகிறார்கள். நீ அப்படியா இருந்தாய்? துணி என்றால் உயிரை விடுவாய். புது ஃபோன் வாங்கிக் கொடுத்தபோது ரவிக்கை டிசைன் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினாய். ஒருநாள் விடியற்காலை ஜெபத்துக்கு முன்னால் ஃபோனை அரிசி டின்னுக்குள் போட்டு மூடுவதைப் பார்த்தேன். "என்னக்கா இது?" என்றால், "அது வெளிய கெடந்தா நான் கண்ண மூடிக்கிட்டு ஆண்டவர்ட்ட ஜன்னல் வச்ச ரவிக்கையப் பத்திப் பேசிக்கிட்டிருப்பேன்ட்டி" என்று சிரித்தாய். உனக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆசை இருக்கிறது என்று தெரிந்து வைத்திருந்தாய்.

அந்த ஆறு பெண்களும் நம்மிடம் இருந்தபோது, ஒரு ஏப்ரல் மாதம் நான்தான் ஒரு பெரிய ஆர்டரைக் கொண்டுவந்தேன். பல ஊர்களில் பள்ளிக்கூடங்கள் நடத்தும் ஒரு நிர்வாகம், மதுரையிலிருந்து ஒரு ஏஜெண்ட். வருஷம் முழுவதும் வேலை. ஆனால் சீசனில் ஞாயிற்றுக்கிழமையும் மிஷின் ஓட வேண்டும், எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடியே வந்தேன். நீ மேஜையில் நீலத் துணியை விரித்து வெட்டிக்கொண்டிருந்தாய்.

"யக்கா, வருசத்துக்கும் வேல. ஒரு நாலு ஞாயித்துக்கெழம, அம்புட்டுத்தான்."

"நாலுதானா?"

"சீசனுக்கு நாலு. அவசரம்னா கூட ஒண்ணு ரெண்டு."

"அப்ப நாலு இல்ல. அவன் எப்பக் கேக்கானோ அப்பல்லாம்."

"காலையில கோயிலுக்குப் போயிட்டு வந்து தைப்போம்க்கா. கோயிலுக்குப் போவாண்டாம்னு யாரு சொன்னா?"

நீ கத்திரிக்கோலை வைத்தாய். "ஹெலன், கோயில்ல இருக்கும்போது என் மனசு எங்கன இருக்கும்? மிஷின்லதான இருக்கும். எனக்கு என்னயத் தெரியும்ட்டி. வாரத்துல ஒரு நாளாவது இதுலேருந்து கைய எடுக்கலன்னா இதுதான் எனக்குச் சாமியாயிரும்."

"இது ஆண்டவர் குடுத்த ஆசீர்வாதமா இருந்தா?"

"இருக்கட்டும். குடுத்தவர விட்டுட்டுக் குடுத்ததப் பிடிச்சுக்கிடச் சொல்லுதியே."

எனக்குக் கோபம் வந்தது. உன்னால் எப்படி இவ்வளவு எளிதாக ஒரு வாழ்க்கையைத் தள்ளிவிட முடிகிறது என்று கோபம். ஷைனிக்கு அப்போது பத்து வயது. வாடகை வீடு. என் வீட்டுக்காரருக்கு நிரந்தரமில்லாத வேலை. கடவுளை முதலில் வைப்பது பிள்ளையில்லாதவர்களுக்குச் சுலபம் என்று ஒரு வார்த்தை சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. நீ துணியை மடித்து வைத்தாய். அந்த வார்த்தைக்கு நான் கடைசிவரை உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

மறுநாள் காலை ஆறு பேரையும் உட்காரவைத்து ஆர்டர் வேண்டாம் என்று முடிவெடுத்ததைச் சொன்னாய். முப்பிடாதி மட்டும் எழுந்தாள். அவள் புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து வீட்டில் கிடந்த நேரம் அது. இரண்டு சின்னப் பிள்ளைகள். நம் வீட்டுக்கு மூன்றாவது வீடு என்பதால், நடுவில் ஓடிப்போய் அவனைப் புரட்டிப் போட்டுவிட்டு வந்து தைப்பாள்.

"யக்கா, ஒங்க சாமிக்கு ஞாயித்துக்கெழம லீவு வேணும்னா நீங்க எடுத்துக்கிடுங்க. எங்க வயித்துக்கு எந்தக் கெழமக்கா லீவு?"

அவள் சண்டை போடவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள். நீ வசனம் ஏதாவது சொல்லுவாய் என்று பார்த்தேன். உனக்குத் தெரியாத வசனமா? நீ எழுந்து வெட்டும் மேஜைக்குப் போய்விட்டாய். மத்தியானம் நீ சாப்பிடவில்லை. மனம் மாறிவிடுவாய் என்று நான் நினைத்தேன். மாறவில்லை.

பத்தாம் நாள் நான் பிரிந்தேன். அந்த ஆர்டரை என் பேரில் எடுத்துக்கொண்டு, கே.டி.சி. நகரில் ஒரு கொட்டகை பிடித்தேன். நம் ஆறு பேரில் இரண்டு பேர் என்னோடு வந்தார்கள். முப்பிடாதியையும் கூப்பிட்டேன். புருஷனை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் வர முடியாது என்று அழுதாள். நான் கிளம்பும்போது நீ வாசலில் நின்று, "நல்ல நூலா வாங்கு. வெல கொறைவுன்னு வாங்காத, காலர்ல பிரிஞ்சிரும்" என்றாய். நான் திரும்பிப் பார்க்காமல் ஆட்டோவில் ஏறினேன்.

எனக்குத் தொழில் நன்றாகத்தான் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ததால் இடி விழவில்லை, நஷ்டம் வரவில்லை. இரண்டாம் வருஷமே வீடு கட்டிவிட்டோம். வீட்டுப் பிரதிஷ்டைக்குப் பட்டுச்சேலை எடுக்க நம் ஊர் வண்ணாரப்பேட்டையில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குப் போனேன். மாம்பழ நிறத்தில் பச்சைக் கரை போட்ட ஒரு சேலை. "ஃபால்ஸ் தச்சு இப்பவே வேணும்" என்று நின்றேன். விற்பனைப் பெண் என்னைப் பின்பக்கம் அழைத்துப் போனாள். துணி மாற்றும் அறைகளுக்குப் பின்னால், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே, குழல்விளக்கின் கீழ் பாய் விரித்து உட்கார்ந்து ஒருத்தி சேலை ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள்.

நீ.

நான் அப்படியே நின்றுவிட்டேன். நீ தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாய். ஒரு நொடிகூட உன் முகம் சுருங்கவில்லை. கையை நீட்டி என் கையிலிருந்த சேலையை வாங்கினாய்.

"அடி ஆத்தா, நல்ல கலரு. ஒனக்கு எடுப்பா இருக்கும்ட்டி. இங்கன ஒக்காரு, பத்து நிமிசத்துல முடிச்சிருதேன்."

"யக்கா, நீ என்ன இங்கன?"

"சாயங்காலம் மட்டும் வாரேன். மூணு மணிக்கு வந்தா எட்டு மணிக்கு விட்ருவாவ. அஞ்சு மணி நேரமும் பட்டத் தொட்டுப் பாக்கதுக்குக் கூலியும் தாராவ. எனக்கு என்ன கொற?"

"அப்ப யூனிட்டு?"

"நடக்கு. நாலு பேருக்கும் வேல இருக்கு. என் பங்குக் காசையும் அவளுவளுக்கே விட்டுட்டேன்." ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே குரலைத் தணித்தாய். "அன்னைக்கு முப்பிடாதி ஒண்ணு கேட்டால்லா. அத ராத்திரியெல்லாம் நெனச்சிப் பாத்தேன். நான் ஆண்டவருக்குன்னு ஒரு நாளக் குடுத்ததா பெருமைப்பட்டுக்கிட்டிருக்கேன். அத முப்பிடாதி வீட்டுச் சோத்துலேருந்துல்லா எடுத்துக் குடுத்திருக்கேன். அது காணிக்கையாட்டி? நான் குடுக்கணும்னா என் கையிலேருந்து குடுக்கணும்."

என் பட்டுச்சேலை உன் மடியில் கிடந்தது. நீ கிட்டக் கிட்டப் பார்த்து, நூல் வெளியே தெரியாமல் தைத்தாய். முடித்ததும் ஒரு தடவை கையால் நீவிவிட்டு, "பிரதிஷ்டைக்கு எத்தன மணி? நான் வந்து சமையலப் பாத்துக்கிடுதேன்" என்றாய். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்று அழுதேன். ஆனால் அடுத்த ஞாயிறும் என் கொட்டகையில் மிஷின் ஓடியது. அழுவது ஒன்று, மாறுவது வேறு என்பதை நான் நன்றாகவே அறிந்தவள், அக்கா.

ஏறக்குறைய இரண்டு வருஷம் அந்தப் பாயில் உட்கார்ந்தாய். முப்பிடாதியின் புருஷன் எழுந்து நடந்து, ஒரு கல்லூரி வாசலில் காவலாளியாகச் சேர்ந்த பிறகுதான் அந்த வேலையை விட்டாய். அதற்குள் நர்சுகளுக்கு உடுப்பு, பாடகர் குழுக்களுக்கு அங்கி என்று சின்னச் சின்ன ஆர்டர்கள் உன்னைத் தேடி வரத் தொடங்கியிருந்தன. பெரிதாக ஒன்றும் வந்துவிடவில்லை. நாலு மிஷின் நாலு மிஷினாகவே இருந்தது. முப்பிடாதி இன்றும் தன் அம்மன் கோவிலுக்குத்தான் போகிறாள். நீயும் அவளிடம் மதம் பேசியதே இல்லை. ஆனால் ஒருமுறை அவள் என்னிடம் சொன்னாள்: "ஒங்க அக்கா சாமி கும்பிடுதது வேற மாதிரி. நமக்கு வலிக்காமக் கும்பிடுதாவ."

இதைவிடப் பெரிய சாட்சி ஒரு கிறிஸ்தவளுக்கு வேண்டுமா என்று நான் யோசித்ததுண்டு.

ஷைனியின் திடப்படுத்தல் ஆராதனை, வளர்ந்த பிள்ளைகளைச் சபையின் முழு அங்கத்தினராக ஏற்கும் அந்த நாள், உனக்கு நினைவிருக்கும். எனக்கு மறக்கவே மறக்காது. பேராயர் வருகிறார், ஒன்பது மணிக்கு ஆராதனை. அன்று மத்தியானம் லாரியில் ஏற வேண்டிய சட்டைகளில் ஒரு கட்டுக்குக் காலர் மாறித் தைத்திருந்தது. ஒரு மணி நேரத்தில் பிரித்துத் தைத்துவிட்டு வந்துவிடுவேன் என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு விடியற்காலையிலேயே கொட்டகைக்குப் போனேன். நான் கோவில் வாசலை அடைந்தபோது சனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

வெள்ளைச் சேலையில் பதினைந்து பிள்ளைகள் வேப்பமரத்தடியில் படம் எடுக்க நின்றார்கள். ஒவ்வொரு பிள்ளைக்குப் பின்னாலும் ஒரு அம்மா. என் பிள்ளைக்குப் பின்னால் நீ. ஷைனி என்னைப் பார்த்தாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. "பெரியம்மா இருந்தாவம்மா. பரவால்ல" என்றாள். பதினாறு வயதுப் பிள்ளை அம்மாவிடம் பரவாயில்லை என்று சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறாள். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றுக்கொண்டாளோ?

நீ ஒரு வார்த்தை குத்தலாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும், திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். நீ சட்டென்று ஒதுங்கி, என்னை உன் இடத்தில் இழுத்து நிறுத்தினாய். "வா, வந்து பிள்ளையக் கட்டிப் பிடிச்சு முத்தம் குடு. மத்தது பொறவு" என்றாய். படத்தில் நான்தான் இருக்கிறேன். நீ இல்லை.

அன்றே திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். திருந்தவில்லை.

பிறகு உனக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். தனியார் ஆஸ்பத்திரியில் பார்ப்போம் என்று நான் சொன்னபோது, என் காசை வேண்டாம் என்று சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன். நீ சிரித்தாய். "காசு கெட்டதுன்னு நான் எப்பட்டி சொன்னேன்? நல்லாச் செலவழி. நான் எந்திரிச்சு வந்து தைக்கணும்." அறுவை சிகிச்சைக்குப் பிறகு வந்த மாதங்களில் எல்லா ஞாயிறும் உன் கட்டிலருகில் இருந்தேன். கோவிலுக்குப் போக முடியாத உனக்குத் தலைசீவி, நல்ல சேலை கட்டிவிடுவேன். இரண்டு பேரும் ஜெபிப்போம். உனக்கு மூச்சு வாங்கும், பாதி ஜெபத்தில் நிறுத்தி, "நீ முடி" என்பாய். வருஷக்கணக்காக வாய்விட்டு ஜெபிக்காத நான் திக்கித் திக்கி முடிப்பேன்.

ஒரு ஞாயிறு நடுஜெபத்தில் என் ஃபோன் அடித்தது. கொட்டகையிலிருந்து மேஸ்திரி. நான் அணைத்தேன். மறுபடி அடித்தது. மறுபடி அணைத்தேன். நீ கண்ணைத் திறந்தாய்.

"எடு."

"வேண்டாம்க்கா. உனக்காக இந்த ஒரு நாளாவது..."

"எனக்காகன்னா வேண்டாம், எடுத்துப் பேசு." உன் குரலில் அந்த நோயிலும் ஒரு கண்டிப்பு இருந்தது. "எனக்காக விட்டேன்னா நான் போன பொறவு பழையபடி ஆயிருவ. யாருக்காக விடுதன்னு பைய யோசிச்சு முடிவு பண்ணு. அவசரம் இல்ல. அவர் காத்துக்கிட்டுதான் இருக்காரு."

நான் எடுத்துப் பேசினேன். வெளி வராந்தாவில் நின்று காலர் அளவு சொல்லிக்கொண்டிருந்தேன். ஜன்னல் கண்ணாடி வழியாக நீ தெரிந்தாய். கையைக் குவித்தபடி, விட்ட இடத்திலிருந்து நீயே ஜெபத்தைத் தொடர்ந்துகொண்டிருந்தாய்.

ஒரு புதன்கிழமை பிற்பகலில் போய்விட்டாய். உன்னைப் பெட்டியில் வைத்த பிறகு முப்பிடாதி கிட்டே வந்து பார்த்தாள். உன் ரவிக்கைக் கையின் ஓரத்தில் தையல் பிரிந்திருந்தது. "இதோட அனுப்பக் கூடாது" என்று ஊசியும் நூலும் எடுத்துவரச் சொன்னாள். போதகர் ஐயா ஜெபத்தை நிறுத்திக் காத்திருந்தார். அவள் குனிந்து, உன் கையைப் பிடித்துக்கொண்டு, நாலு தையல் போட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "இப்பப் போங்கக்கா" என்றாள். அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த எல்லோரும் அப்போதுதான் அழுதோம்.

இனி சொல்லப் போவது நீ அறியாதது. யாருக்காக விடுகிறேன் என்று யோசித்தேன், அக்கா. ஒரு வருஷம் யோசித்தேன். மனசு போன பக்கமெல்லாம் அந்தக் கொட்டகைதான் இருந்தது. படுக்கும்போது அது, எழும்போது அது. ஆராதனையில் எழுந்து நிற்கும்போது முன்வரிசைப் பிள்ளையின் சட்டைத் தையலை எண்ணிக்கொண்டு நின்றேன். தொழிலே சாமியாகிவிடும் என்று நீ உன்னைப் பற்றிப் பயந்தாயே, அது என்னிடம் நடந்து முடிந்திருந்தது. அது தெரிந்த அன்றுதான் முடிவெடுத்தேன். ஆள் இல்லாத கோவிலில் உட்கார்ந்து, "ஆண்டவரே, அந்த இடம் உங்களுடையது, நான் வேறொன்றை வைத்துவிட்டேன்" என்று சொன்னேன். உன் பேரைச் சொல்லவில்லை. உன்னை இழுக்காமல் சொல்ல வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். ஆனாலும் பாதி உனக்காகத்தானோ என்று சந்தேகம் வருகிறது. அப்படி இருந்தால் அவர் அதையும் ஏற்றுக்கொள்வாரா?

இந்த ஏப்ரலில் ஏஜெண்டிடம் ஞாயிறு மிஷின் ஓடாது என்று சொல்லிவிட்டேன். அதற்கு முன்னால் என் இருபத்திரண்டு பெண்களையும் உட்காரவைத்தேன். உன்னிடம் படித்ததால், முடிவைச் சொல்வதற்கு முன் அவர்கள் கையில் குறையப்போவது என்ன என்று கேட்டேன். அதை என் பங்கிலிருந்து ஈடுசெய்வதாகச் சொன்னேன். பாதி ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விட்டது. மாடி கட்டும் வேலையை நிறுத்திவிட்டோம். கூரைக்கு மேல் கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. என் வீட்டுக்காரர் தினமும் நிமிர்ந்து பார்த்து, "கம்பி துருப்பிடிக்கி" என்கிறார். ஆனால் போன ஞாயிறு அவர் என்னோடு கோவிலுக்கு வந்து, ஷைனி பாடகர் குழுவில் நின்று பாடுவதை முழுதாகப் பார்த்தார். வெளியே வந்ததும், "பிள்ள இப்படிப் பாடும்னு எனக்குத் தெரியாதே" என்றார். எனக்கும் தெரியாது, அக்கா.

சனிக்கிழமை சாயங்காலம் வந்தால் இன்னும் பயந்துபோய் ஆர்டர் நோட்டைப் புரட்டுகிறேன். மீதி ஆர்டரும் போய்விட்டால்? இந்தப் பெண்களை எத்தனை நாள் தாங்குவேன்? நீ அந்த இரண்டு வருஷமும் இப்படிப் பயந்தாயா? பயந்துகொண்டே சிரித்தாயா? ஒருநாளும் கேட்காமல் போனேனே.

அதனால் தைரியமானவளாக ஆகிவிடுவேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். இவ்வளவுதான் சொல்கிறேன்: பயம் தெளியட்டும் என்று காத்திருக்க மாட்டேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் பயத்தோடேயே கொட்டகையைப் பூட்டுவேன். பயத்தோடேயே மறுநாள் அவர் முன்னால் போய் உட்காருவேன். அதற்கு ஆகிற செலவை இன்னொருத்தி சோற்றிலிருந்து எடுக்க மாட்டேன்.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்து, வெகு தாமதமாக உன் தங்கையானவள்,
ஹெலன்